எந்த நாளில் இளைப்பாறுவது? ஞாயிறு, சனி, திங்கள், தினமும் அரைமணி: ஓர் ஒப்பீடு

ஜெபம், உபவாசம், வேதவாசிப்பு போல ஓய்வும் ஓர் ஆவிக்குரிய பயிற்சிதான் என்று இப்போதெல்லாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போது தலை தானாக ஆடுகிறது. வீட்டுக்கு வந்ததும்தான் கேள்வி எழுகிறது: சரி, எப்போது ஓய்வது? ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வது சுலபம். சபையில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

நம் சபைகளில் எல்லோரும் பார்த்திருக்கும் ஞாயிறு ஒன்று உண்டு. அவர் பள்ளிக்கூட ஆசிரியை. பாடகர் குழுவில் இருக்கிறார், சண்டே ஸ்கூலில் ஒரு வகுப்பும் எடுக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் எட்டரை மணி ஆராதனைக்குப் போய்ச் சேர முடியும். கறி முந்தின நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் இருக்கும். இஞ்சி பூண்டு அரைப்பதும் வெங்காயம் நறுக்குவதும் கிளம்புவதற்குள் முடிந்தாக வேண்டும். ஆராதனை முடிந்தால் சண்டே ஸ்கூல், அப்புறம் அடுத்த வாரப் பாட்டுக்கு ஒத்திகை. ஒரு மணிக்கு வீடு வந்தால் கூடவே விருந்தாளி. பாத்திரமெல்லாம் கழுவி நாலு மணிக்கு உட்கார்ந்தால், ஆறு மணிக்கு யார் வீட்டிலோ ஜெபக்கூட்டம். ராத்திரி பிள்ளைகளின் யூனிஃபார்ம் இஸ்திரி. திங்கட்கிழமை காலையில் வகுப்பறை நாற்காலியில் உட்காரும்போதுதான் அவருக்கு மூச்சே திரும்புகிறது.

இதில் எதுவும் கெட்ட காரியம் இல்லை. ஆனால் இதை ஓய்வுநாள் என்று சொன்னால், எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேலரே நம்ப மாட்டார்கள். ஆகவே நமக்கு முன்னால் உள்ள வழிகளைக் கொஞ்சம் நிதானமாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை மறக்காதே. அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். மகன், மகள், மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீளுகிறது. (மனைவி மட்டும் பட்டியலில் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தை வேறு மாதிரி வாசித்துவிட்டோம் போலிருக்கிறது.)

எனவே முதல் கேள்வி: நான் ஓய்வெடுக்கும்போது எனக்காக யார் வேலை செய்கிறார்? பல கிறிஸ்தவ வீடுகளில் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. நாம் ஆராதனைக்குக் கிளம்ப வேண்டுமே என்று அன்றைக்கு அரைமணி முன்னதாகவே வரச் சொல்கிறோம்.

இரண்டாவது கேள்வி, வேலை முடியாவிட்டாலும் இந்த ஓய்வு தவறாமல் திரும்பி வருமா? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு வானத்திலிருந்து பெய்த கதையில் ஆறாம் நாள் இரண்டு பங்கு கிடைத்தது. ஏழாம் நாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் சிலர் சேர்க்கப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் ஓய்வெடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதே இல்லை. பாதியில் கிடக்கிற வேலையை அப்படியே விட்டு எழுந்திருக்கப் பழகுவதைத்தான் இங்கே பயிற்சி என்கிறோம்.

ஞாயிறு: கூட்டத்தோடு நிற்பதன் பலம்

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. அன்றைக்கு ஊரே பாதி நிற்கிறது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321ல் நீதிபதிகளுக்கும் நகரவாசிகளுக்கும் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தான். விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தான். விதைக்கிற நாளும் அறுக்கிற நாளும் காலண்டரைப் பார்த்து வராது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைக்கவில்லை. மும்பை ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் போராடி 1890ல் அதைப் பெற்றார்கள். ஓய்வு என்றால் வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதையும் உபாகமம் 5ஐயும் சேர்த்து வாசிக்கலாம்.

கூட்டத்தோடு நிற்பது என்றால் என்ன என்று பார்க்கத் தென்கடற்கரைக்குப் போக வேண்டும். கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களின் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு வள்ளக்காரர் மட்டும் பக்தியால் கரையில் நின்றால், அன்றைய மீன் பக்கத்து வள்ளத்துக்குப் போகும். அவர் வீட்டில் வட்டிக்காரன் வந்து நிற்பான். எல்லா வள்ளமும் நின்றால் யாருக்கும் யாராலும் நஷ்டமில்லை. தனி ஆளின் மனவலிமையை நம்பாமல் ஊர்க்கட்டுப்பாட்டை நம்பும் ஓய்வு இது. அதனால்தான் நிலைக்கிறது.

எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவுக்கும் இது புரிந்திருந்தது. எருசலேமில் தீரு நாட்டார் மீனைக் கொண்டுவந்து ஓய்வுநாளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தனித்தனியாக உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. பெரியவர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டு, இருட்டத் தொடங்கும்போதே நகர வாசலைச் சாத்தச் சொன்னார். வியாபாரிகள் ஓரிரு தடவை மதிலுக்கு வெளியே ராத்தங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதை நிறுத்தினார்கள். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் பாடம் சரிதான். தனியாக ஓய்வெடுக்க முயல்கிறவர் தோற்பதற்குச் சோம்பலோ பக்திக் குறைவோ எப்போதும் காரணமல்ல, வாசல் திறந்து கிடப்பதுதான் பாதிக் காரணம்.

ஞாயிற்றின் பாதகத்தை முன்பே பார்த்துவிட்டோம். தொழிற்சாலையும் அலுவலகமும் நிற்கின்றன, சபையும் சமையலறையும் நிற்பதில்லை. ஆகவே ஞாயிற்றைத் தேர்ந்தெடுக்கிற குடும்பம் சபைப் பொறுப்புகளில் ஒன்றையாவது விட்டாக வேண்டும். ஒருவருக்கு ஒரு பொறுப்பு போதும். பாடகர் குழு என்றால் பாடகர் குழு, சண்டே ஸ்கூல் என்றால் சண்டே ஸ்கூல். கமிட்டிக் கூட்டங்களை வார நாள் மாலைக்குத் தள்ளச் சொல்லி, சபைப் போதகரான ஆயரிடம் தைரியமாகக் கேட்கலாம். பெரும்பாலும் அவரும் அதையே விரும்புவார்.

சனி: சூரியன் மறையும்போது தொடங்குவது

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை மறைவு வரை ஓய்வுநாள் ஆசரிக்கிறார்கள். தமிழ் மண்ணில் சனிக்கிழமை ஆசரிப்பு அவர்களோடு மட்டும் வந்தது அல்ல. மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, 1857ல் நாசரேத் பக்கத்தில் தொடங்கிய சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக வைத்தது. வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த ஞாயிறு எதற்கு, வேதத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்கிறோம் என்ற ரோஷம் அதில் இருந்தது.

நாள் எது என்ற வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயத்தோடு இருக்கட்டும் என்று ரோமர் 14ல் பவுல் விட்டுவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் நாளைத் தொடங்கும் விதம். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஆயத்த நாள். சமைப்பது, வீடு பெருக்குவது, துணி தேய்ப்பது எல்லாம் சூரியன் மறையுமுன் முடிய வேண்டும். மறைந்த பிறகு முடியாதது முடியாததாகவே கிடக்கும். அப்படியானால் ஓய்வுநாளின் முதல் காரியம் தூக்கம். எழுந்து ஓடுவதில் தொடங்கும் நாளுக்கும் படுத்துத் தூங்குவதில் தொடங்கும் நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

சனியின் கஷ்டம் நடைமுறையில்தான். தனியார் பள்ளிகளும் பல அலுவலகங்களும் சனிக்கிழமை இயங்குகின்றன, தேர்வுகளும் அன்றைக்கு வந்து விழுகின்றன. அட்வென்டிஸ்ட் மாணவர்கள் இதற்காகப் படும் பாடு கொஞ்சமல்ல. ஞாயிறு ஆராதிக்கும் சபையில் இருந்துகொண்டே சனியை ஓய்வுநாளாக வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல்: துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் நாளே மிஞ்சாது. வேத நிச்சயத்தால் சனிக்குப் போகிறவர் முழுவதுமாகப் போகட்டும். மற்றவர்கள் அந்த மாலைத் தொடக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அதாவது, சனி மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி வரை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். மற்ற வழிகளைவிட இதில் தேறும் மணி நேரம் அதிகம். ஞாயிறு மாலை ஆறுக்கு மேல் யூனிஃபார்ம் தேய்க்கலாம், திங்கட்கிழமைப் பாடத்தைப் பார்க்கலாம், மனசாட்சி உறுத்தாது.

இது நிற்பதும் விழுவதும் அடுப்பில். யாத்திராகமம் 35ல் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று ஒரு வரி வருகிறது. அதை அப்படியே சட்டமாக எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் கறிச்சோறு இல்லாவிட்டால் ஞாயிறே இல்லை என்ற நம் வழக்கத்தைத் தொடாமல் இந்த ஓய்வு நடக்காது. பிரியாணியைச் சனி ராத்திரிக்கு மாற்றுங்கள். ஞாயிறு மதியத்துக்குச் சனிக்கிழமை வைத்த மீன் குழம்பு இருக்கிறது. மண்சட்டியில் ஒரு ராத்திரி கிடந்து, புளியும் மிளகாயும் துண்டுக்குள் இறங்கி, எண்ணெய் மேலே மிதக்கும் அந்தக் குழம்பு முதல் நாளைவிட மறுநாள்தான் ருசி என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாட்டை ஆப்பில் வரவழைக்கலாமே என்றால் முதல் கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கும்: வெயிலில் பைக்கில் வருகிற அந்தத் தம்பிக்கு ஓய்வு எப்போது? வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முடியாத வாரங்களில் வாங்கலாம். வாராவாரம் அதுவே ஏற்பாடாக இருந்தால், நம் வேலையை அவர் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆயருக்கும் நர்ஸுக்கும் வேறு நாள்

ஆயருக்கு ஞாயிறு ஓய்வுநாள் ஆகாது. வேதமே அதை ஒப்புக்கொள்கிறது. எண்ணாகமம் 28ன்படி ஓய்வுநாளில் வழக்கமான பலிக்கு மேல் இன்னும் இரண்டு ஆட்டுக்குட்டிகளைச் செலுத்த வேண்டும். ஆசாரியனுக்கு அன்றைக்கு இரட்டை வேலை. ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள ஒரு சேகரத்தில் நாலைந்து கிராமச் சபைகள் இருந்தால், காலையில் ஓர் ஊர், பகலில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று பைக்கிலேயே அவருடைய ஞாயிறு ஓடிவிடும்.

அவருக்குத் திங்கள்தான் இயல்பான நாள். ஆனால் திங்களில் ஒரு தனிமை இருக்கிறது. மனைவி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள், ஓய்வை யாரோடும் பகிர முடியாது. போன் அடித்துக்கொண்டே இருக்கும். இயேசுவே சீஷர்களை வனாந்தரமான ஓரிடத்துக்குச் சற்று இளைப்பாறக் கூப்பிட்டார். ஜனங்கள் கரைவழியாக ஓடி முந்திப் போய் நின்றார்கள். அவர் மனதுருகி அவர்களுக்குப் போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் கொடுத்தார். பிரசங்கம் வழக்கமாக அங்கே நின்றுவிடும். அடுத்த சில வசனங்களில் அவர் சீஷர்களைப் படகில் அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியாக மலைக்கு ஏறிப் போகிறார். தடைபட்ட ஓய்வை அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். ஆயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: துக்க வீட்டுக்குத் திங்கள் போனால் செவ்வாய் மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கமிட்டி திங்கட்கிழமை கூப்பிட்டால் போகாதீர்கள்.

நர்ஸ், போலீஸ், பஸ் கண்டக்டர் போன்றவர்களுக்கு நாள் ரோஸ்டரில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட, ஞாயிற்றை வார விடுமுறையாக வைத்துவிட்டு, அன்றைக்கு வேலை வாங்கினால் முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் மாற்று நாள் கொடுக்கச் சொன்னது. நாள் மாறலாம், ஏழில் ஒன்று போய்விடக் கூடாது. கத்தோலிக்கருக்கு இன்னொரு வசதி, சனி மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டால் ஞாயிற்றுக் கடமை நிறைவேறிவிடும். ஞாயிறு பகல் டியூட்டி உள்ளவர் குற்ற உணர்ச்சி இல்லாமல் போகலாம்.

தினமும் கொஞ்சம்

ஒரு முழு நாள் என்பதே சிலருக்குக் கனவு. படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள், கைக்குழந்தைக்காரி, தினக்கூலிக்குப் போகிறவர். இவர்களுக்கு நாளைச் சிறு துண்டுகளாக உடைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், சோம்பல் ஆத்துமாவுக்குப் பகை என்று தொடங்கும் 48ஆம் அதிகாரத்திலேயே, கோடை மாதங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கட்டிலில் படுத்து ஓய்வெடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். வாசிக்க விரும்புகிறவன் அடுத்தவன் தூக்கத்தைக் கெடுக்காமல் வாசிக்கட்டும் என்றும் சேர்த்திருக்கிறார்! சத்தமாக ஜெபிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இந்த வரியைக் காட்ட வேண்டும்.

தினசரி முறையின் ஆபத்து, அதுவும் இன்னொரு வேலையாக மாறுவது. போனில் வேதவாசிப்புத் திட்டம், இன்றைக்கு மூன்று அதிகாரம், டிக். நேற்று விட்டதையும் சேர்த்து ஆறு. அது நல்ல வாசிப்பாக இருக்கலாம், ஓய்வு ஆகாது. ஓய்வுக்கு எடுத்த அரைமணியில் செய்து முடிக்க எதுவும் இருக்கக் கூடாது. தூக்கம் வந்தால் தூங்கலாம். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று 127ஆம் சங்கீதம் சொல்வதை ஓர் அனுமதிச் சீட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த அரைமணியும் தானாகக் கிடைக்காது, யாராவது கொடுக்க வேண்டும். இங்கே சபை செய்யக்கூடியது நிறைய. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பத்துப் பேராகப் போய் ஜெபித்துவிட்டு வருகிறார்கள். வந்தவர்களுக்குக் காபி போடும் வேலையும் அந்த மகளுக்குத்தான். அதற்குப் பதில் வாரத்தில் ஒரு மதியம் ஒருவர் மட்டும் போய், நீ போய்ப் படும்மா, அம்மாவை நான் பார்த்துக்கிறேன் என்று இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

வருடத்துக்கு ஒரு முறை

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1950ல் ழூல் மொன்ஷானன், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கியது. பின்னர் 1968 முதல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி அங்கே வாழ்ந்தார். திருப்பத்தூரில் 1921லேயே மருத்துவர்கள் ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் ஆண்டுதோறும் சில நாள் ஒதுங்கி மௌனமாக ஜெபிக்கும் ஞான ஒடுக்கத்துக்குப் போகிறார்கள். நாமும் மூன்று நாள் எங்காவது போய் அமைதியாக இருந்து வந்தால் என்ன என்று தோன்றும். போகலாம். ஆனால் தியானம் என்ற பெயரில் காலை முதல் மாலை வரை ஒலிபெருக்கி வைத்து நடக்கும் கூட்டத்துக்குப் போனால், ஆசீர்வாதம் கிடைக்கலாம், ஓய்வு கிடைக்காது. உபவாசக் கூட்டமும் முழு இரவு ஜெபமும் அப்படித்தான். அவை வேறு கணக்கு.

இந்த வழி என் இரண்டாவது கேள்வியில் தோற்கிறது. வருடத்தில் மூன்று நாள் நின்று மற்ற நாளெல்லாம் ஓடினால், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே எல்லாம் கரைந்துவிடும். முதல் கேள்வியும் இருக்கிறது: அப்பா ஆசிரமத்தில் மௌனமாக இருக்கும்போது வீட்டில் யார் ஓடுகிறார்கள்? வாராந்தர ஓய்வு ஏற்கெனவே உள்ளவர் இதை அதன் மேல் வைத்துக்கொள்ளட்டும். ஒரு விதிவிலக்கு, உண்மையிலேயே நொந்துபோனவர்கள். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்க விட்டான். அந்த நிலையில் இருப்பவரிடம் ஒழுங்கு, பயிற்சி என்று பேசாமல் முதலில் வெளியே அனுப்பி வையுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடமும்.

தொடங்குகிறவர்களுக்கு: முதல் மாதம் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்காதீர்கள். ஞாயிறு மதியச் சமையலை மட்டும் நிறுத்துங்கள், வேலைக்கார அக்காவுக்கும் சம்பளம் பிடிக்காமல் அன்றைக்கு விடுமுறை கொடுங்கள். இரண்டாவது மாதம் சனி மாலை ஆறு மணிக்குப் போனை அலமாரியில் வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு வீட்டில் ஒரு போன் திறந்திருந்தால் போதும். விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய குழம்பையும் சோற்றையும் போட்டு, சாப்பிட்ட தட்டை அவர்களையே கழுவச் சொல்லுங்கள். நெருங்கின சொந்தக்காரர்கள் கழுவுவார்கள், மற்றவர்கள் அடுத்த முறை சனிக்கிழமை வருவார்கள்.